பஜ்ஜி வண்டி இப்போது எங்கே நிற்கிறது

மத்திகிரி,
6.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

தர்ஷினி எழுதுகிறேன். இங்கே நலம். அம்மா கிருஷ்ணகிரியில் நலம். உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்கச் சொன்னாள். போனில் கேட்டால் பொய் சொல்வீர்களாம். எழுதிக் கேட்டால் இன்னும் பெரிய பொய் சொல்வீர்களாம். இருந்தாலும் கேட்கச் சொன்னாள்.

போனில் சொல்லக் கூச்சமாக இருந்ததால் மெயிலில் எழுதுகிறேன். அம்மா என் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு அலைகிறாள். எனக்கு ஒத்துவரவில்லை என்றேன். "தை வரைக்கும் உன் பாடு, அப்புறம் என் பாடு" என்றாள். அதனால் போனில் டேட்டிங் ஆப் ஒன்று போட்டிருக்கிறேன். நம் படம், வயது, வேலை எல்லாம் போட்டபின் அதுவே சில கேள்விகள் கேட்கும். நாம் சுவாரசியமாகப் பதில் எழுத வேண்டும். "பயணம், இசை, நல்ல சாப்பாடு பிடிக்கும்" என்று எழுதினேன். ஓசூரில் எல்லாப் பெண்களும் அதையேதான் எழுதியிருக்கிறார்கள்.

பெங்களூர் பக்கத்திலேயே இருப்பதால் அங்கிருந்துதான் நிறையப் பேர் வருகிறார்கள். எல்லோரும் "நீ இங்கே வந்துவிடு" என்கிறார்கள். என் வேலை இங்கே. எனக்கு ஓசூரில் இருக்கிற ஆள் வேண்டும். என்னோடு அறையில் இருக்கும் தஸ்லிம் ஒரு யோசனை சொன்னாள். பதில் எழுதுகிற இடத்தில் நாமே உள்ளூர்க் கேள்வி ஒன்றைக் கேட்டுவிட வேண்டுமாம். எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று சிரிக்கிற மாதிரி கேட்டால், ஊரைத் தெரிந்தவன் சும்மா இருக்க மாட்டானாம்.

எனக்குச் சிரிக்க வைக்கத் தெரியாது மாமா. கம்பெனியில் நாள் முழுக்க நான் எழுதுவது "கீறல் 0.2 மி.மீ., நிராகரிக்கப்பட்டது" என்பதுதான். நீங்கள் எழுதித் தருவீர்களா?

அன்புடன்,
தர்ஷினி

*

சோஹார், ஓமான்,
9.10.2024

மத்திகிரி முதல் மூக்கண்டப்பள்ளி வரை பேட்டரி ஸ்கூட்டர்களைக் கதிகலங்க வைக்கும் தரக்கட்டுப்பாட்டுச் சக்கரவர்த்தினியும் என் அக்காள் பெற்ற ஒரே செல்வமுமாகிய மருமகளுக்கு,

உன் தாய்மாமன் தீர்த்தகிரி, ஒட்டகங்கள் குடை கேட்டு வரிசையில் நிற்கும் வெயிலில் உட்கார்ந்து எழுதுவது. எனக்குச் சர்க்கரை இல்லை. என்னைப் பரிசோதித்த டாக்டருக்குத்தான் மயக்கம் வந்தது. இதை அப்படியே அக்காவிடம் சொல்.

சரியான ஆளிடம் வந்திருக்கிறாய். தொண்ணூற்றெட்டில் எங்கள் கம்பெனி ஏ ஷிப்டு முழுவதற்கும் லீவு லெட்டர் எழுதியவன் நான். என் பேனாவால் இறந்துபோன பெரியப்பாக்கள் மட்டும் அறுபது பேர். எல்லோரும் இன்றும் நலம். அப்பேர்ப்பட்ட பேனாவுக்கு மூன்று வரி எழுதுவது ஒரு பொருட்டா? பிடி.

முதல் பதில்: "மத்திகிரி மாட்டுப் பண்ணை மதில் ஓரம் ஒரு தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி போட்டார்களாம். அதைத் தின்ற ஒருவர் தண்ணீர் தேடி மாநில எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி வரை ஓடினாராம். அந்த வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்று விசாரித்துச் சொல்பவரோடு நின்று தின்ன நான் தயார். அவர் ஓடினால் கூடவே ஓடவும் தயார்."

இரண்டாவது: "மார்கழிப் பனியில் பண்ணைப் பசுவை எங்கள் சூப்பர்வைசர் என்று நினைத்து குட்மார்னிங் சொல்லியிருக்கிறேன். அதுவும் அவரைப் போலவே பதில் சொல்லவில்லை. அந்தப் பனியை முறிக்கும் இஞ்சி டீ, பண்ணை முனையில் எந்தக் கடையில் கிடைக்கும்?"

மூன்றாவதை நீயே எழுது. ராயக்கோட்டைத் தக்காளி பற்றி ஏதாவது கேள். எல்லாவற்றையும் நானே எழுதினால் மாப்பிள்ளை என்னைத்தான் கட்டிக்கொள்வான்.

ஒரு நிபந்தனை. பதில் தெரியாதவனை உடனே தள்ளிவிடாதே. நேரில் போய் விசாரித்து வரச் சொல். பண்ணை முனையில் பழைய ஆட்கள் யாராவது கண்டிப்பாக இருப்பார்கள்.

ஆசிகளுடன்,
தீர்த்தகிரி மாமா

*

மத்திகிரி,
23.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் பேனா வேலை செய்கிறது. இரண்டு வாரத்தில் நாற்பத்தொரு பேர். பாதிப் பேர் பெங்களூர். மத்திகிரி எந்த மாவட்டம் என்று கேட்டார்கள். ஒருவர் இதை இங்கிலீஷில் போட முடியுமா என்றார். அவர்களை விட்டுவிட்டேன். ஆறு பேர் நிஜமாகவே பைக்கை எடுத்துக்கொண்டு பஜ்ஜி வண்டியைத் தேடிப் போயிருக்கிறார்கள். இரண்டு பேர் வீட்டில் அப்பாவிடம் கேட்டார்களாம். அப்பாக்கள் அரை மணி நேரம் பழைய கதை பேசினார்களே தவிர வழி சொல்லவில்லையாம்.

ஒரு வேடிக்கை. தேடிப் போனவர்களில் மூன்று பேர் ஒரே கதையைச் சொல்கிறார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. பண்ணை முனையில் யாரைக் கேட்டாலும் "பாயைக் கேளு" என்று ஒரு கேட், கிரில் வெல்டிங் கடைக்கு அனுப்புகிறார்களாம். அந்தப் பாய் வழி சொல்வதில்லை, விசாரணை நடத்துகிறாராம். யார் மகன், எந்தக் கம்பெனி, பர்மனெண்டா காண்டிராக்டா, குடிப்பாயா, ஹெல்மெட் எங்கே. முதல் ஆளைத் தொரப்பள்ளியில் பார் என்று அனுப்பிவிட்டார். இரண்டாம் ஆள் பஜ்ஜிக்காக ராயக்கோட்டை வரை போய்த் திரும்பியிருக்கிறார். மூன்றாவது ஹரீஷ்குமார் என்று ஒருவர், சிப்காட்டில் மெஷின் ஷாப்பில் இருக்கிறார். அவரை நாளைக்கு வா என்றாராம். அவரும் மறுநாள் போனாராம். அதற்கடுத்த நாளும் போனாராம்.

யார் மாமா இந்த ஆள்? இவருக்கு என்ன வந்தது?

தர்ஷினி

*

சோஹார்,
25.10.2024

அன்பே உருவான மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் இங்கே இரண்டு பேரீச்ச மரங்கள் சாய்ந்தன. கம்பெனி என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறது.

அந்த வெல்டிங் கடைக்காரர் யாராக இருந்தால் என்ன, உனக்குச் சம்பளமில்லாமல் ஒரு தரக்கட்டுப்பாட்டு அதிகாரி கிடைத்திருக்கிறார். இருந்தாலும் பொது அறிவுக்காகச் சில சந்தேகங்கள். ஆள் இளைத்திருக்கிறாரா? வலது புருவத்தில் தழும்பு உண்டா? முகமூடியைச் சுண்டு விரலால் தூக்குகிறாரா? பையன்கள் உன் கேள்வியை வாயால் சொன்னார்களா, போனைக் கொடுத்துப் படிக்க வைத்தார்களா? படித்தபோது சிரித்தாரா? இதை மட்டும் அந்த ஹரீஷ்குமாரிடம் நன்றாகக் கேட்டு எழுது.

நான்காவதாக ஒரு கேள்வியும் அனுப்புகிறேன். உடனே போட்டுவிடு: "ஒரே அறையில், ஒரே மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஒன்பது வருஷம் சமைத்துச் சாப்பிட்ட இரண்டு பேரில் ஒருவன் சொல்லாமல் போய்விட்டால், மற்றவன் அந்த ஸ்டவ்வை வைத்திருப்பானா, தூக்கி எறிந்திருப்பானா? மத்திகிரியில் தெரிந்தவர்கள் சொல்லவும்."

அவசரத்தில்,
மாமா

*

மத்திகிரி,
12.11.2024

மாமாவுக்கு,

நான்காவது கேள்வியைப் போடவில்லை. அது மாப்பிள்ளை தேடுகிற கேள்வி இல்லை என்று எனக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹரீஷ்குமாரோடு நானே அந்தக் கடைக்குப் போனேன். போர்டில் எஸ்.யு. இன்ஜினியரிங் என்றும் கீழே சிறிதாக உரிமையாளர் பெயரும் இருக்கிறது. பெயர் சமியுல்லா. புருவத்தில் தழும்பு இருக்கிறது. சுண்டு விரலால்தான் முகமூடியைத் தூக்கினார். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மூக்கு அப்படியே தீர்த்தகிரி மூக்கு" என்றார்.

உங்கள் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை மாமா. என் போனை வாங்கி பஜ்ஜிப் பதிலைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். "அத்திப்பள்ளி வரைக்கெல்லாம் ஓடலம்மா. பண்ணைத் தொட்டி வரைக்கும் போயி மாட்டோட மாடா தண்ணி குடிச்சேன். இவ்ளோ பெருசா புளுகறவன் ஓசூர்லயே ஒருத்தன்தான் இருந்தான். மொதப் பையன் வந்து காட்டுனப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றார். பிறகு ஏன் யாருக்கும் வழி சொல்லவில்லை என்று கேட்டேன். "அவன் வூட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்ச பின்னாடி கண்டவனுக்கு எப்படி சொல்றது" என்றார். உங்களை எப்படித் தெரியும் என்று கேட்டேன். முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டார். "அத அவங்கிட்டயே கேளு" என்றார்.

கேட்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்று. எனக்குத் தை வரைக்கும்தான் நேரம் என்று உங்களுக்குத் தெரியும். என் படத்தைப் போட்டு, என் பெயரில், நீங்கள் உங்கள் ஆளைத் தேடியிருக்கிறீர்கள். வெயிலில் பஜ்ஜி தேடி அலைந்த பையன்கள் எல்லாம் உங்களுக்குத் தபால்காரர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே நேரில் போய்க் கேட்டிருப்பேன். என் அறையிலிருந்து பத்து நிமிஷ நடை.

தர்ஷினி

*

சோஹார்,
14.11.2024

தர்ஷினிக்கு,

நீ கோபப்பட்டது சரி.

நானும் சமியும் ஒரே கம்பெனியில் வெல்டர்கள். மத்திகிரியில் சென்னம்மாள் என்பவர் வீட்டு மாடியில் ஒன்பது வருஷம் சேர்ந்து இருந்தோம். இரண்டாயிரத்து ஐந்து கடைசியில் இரண்டு பேரும் ஓமான் வேலைக்கு மனுப் போட்டோம். எடுப்பது ஒரே ஒருவரைத்தான். ஜனவரியில் பக்ரீத்துக்காக அவன் தேன்கனிக்கோட்டையில் அவன் வீட்டுக்குப் போயிருந்தான். அப்போது சென்னம்மாள் வீட்டுப் போனுக்கு ஏஜெண்ட் கூப்பிட்டார். மறுநாள் காலை பெங்களூரில் வெல்டிங் டெஸ்ட், இரண்டு பேரும் வர வேண்டும் என்றார். சமியின் வீட்டில் போன் இல்லை. அன்றைக்கு அவனிடம் செல்போனும் இல்லை. தகவல் சொல்ல வழியில்லாமல் நான் மட்டும் போனேன். எனக்குக் கிடைத்தது. அதன்பிறகு அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவன் நைட் ஷிப்டில் இருந்தபோது பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போன வருஷம் போனில் மத்திகிரித் தெருப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் கடை போர்டு தெரிந்தது. தினமும் பார்ப்பேன். அதில் நம்பரும் இருக்கிறது. பதினெட்டு வருஷம் கழித்து என்ன சொல்லி ஆரம்பிப்பது? நீ எழுதித் தரக் கேட்டபோது, அவன் காதில் என் வார்த்தை ஒன்று விழட்டும், சிரிக்கிறானா பார்ப்போம் என்று நினைத்தேன். சிரித்தானா என்று நீ இன்னும் எழுதவில்லை.

மாமா

*

மத்திகிரி,
2.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சிரித்தார். மாட்டுத் தொட்டியைப் பற்றிச் சொன்னபோது நன்றாகவே சிரித்தார்.

உங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். கேட்காமல் காட்டியது தப்புதான். நீங்களும் கேட்காமல்தான் என் பெயரில் எழுதினீர்கள். அதற்கு இது சரியாகப் போகட்டும்.

போன் வந்த விஷயம் நீங்கள் கிளம்பிப் போன வாரமே அவருக்குத் தெரியுமாம். சென்னம்மாள் சொல்லியிருக்கிறார். உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னார். "வழியில்லாமயா? அந்தக் காலத்துலயும் தேன்கனிக்கோட்டைக்கு அரை மணிக்கு ஒரு பஸ்ஸும்மா" என்றார்.

டெஸ்டுக்கு முன்பே தெரிந்திருந்தால் மாமாவுக்காக விட்டுக் கொடுத்திருப்பீர்களா என்று அவரிடம் கேட்டேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எதுக்கு வுட்டுக் குடுக்கணும்? சண்ட போட்டிருப்பேன். சட்டையப் புடிச்சு இழுத்திருப்பேன். அப்புறம் எவன் ஜெயிச்சிருந்தாலும் இன்னொருத்தன் ஏர்போர்ட் வரைக்கும் பெட்டி தூக்கிட்டுப் போயிருப்பான். ரெண்டும் இல்லாமப் பண்ணிட்டான்."

சொல்லிவிட்டு வெல்டிங் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நானும் இனி நடுவில் நிற்க மாட்டேன். கடை முகவரி கீழே எழுதியிருக்கிறேன். தபாலில் எழுதுங்கள்.

என் விஷயம்: நீங்கள் எழுதிய பதில்களை எடுத்துவிட்டேன். அதைப் பார்த்து வருகிறவர்கள் என் எதிரில் உட்கார்ந்து நான் எப்போது சிரிக்க வைப்பேன் என்று காத்திருக்கிறார்கள். இப்போது நானே ஒன்று எழுதியிருக்கிறேன்: "எனக்கு வேடிக்கையாகப் பேச வராது. மத்திகிரியில் பிளவுஸ் கையை அளவு தப்பாமல் தைக்கும் டெய்லர் யார்?" ஹரீஷ்குமார் அவர் அக்காவிடம் கேட்டு, டெய்லர் கடைக்கு எந்த நாள் லீவு என்பது வரை எழுதி அனுப்பியிருக்கிறார். அம்மாவிடம் அவரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பேசாமல் இருக்கிறாள். அது நல்ல அறிகுறி என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
தர்ஷினி

*

சோஹார்,
8.12.2024

அன்புள்ள சமியுல்லாவுக்கு,

தீர்த்தகிரி எழுதுகிறேன்.

தகவல் சொல்ல வழியில்லை என்று தர்ஷினிக்கு எழுதியது பொய். ஏஜெண்ட் போன் வந்த அன்று காலை பத்து மணிக்கு நான் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். தேன்கனிக்கோட்டை பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் இரண்டு தடவை ஏறச் சொன்னார். ஏறியிருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு உன் வீட்டில் இருந்திருப்பேன். அடுத்த பஸ்ஸும் வந்தது. அதிலும் நான் ஏறவில்லை. அறைக்குத் திரும்பி வந்து டெஸ்டுக்குச் சட்டை தோய்த்தேன்.

பைப்பைச் சுற்றி நீ போடும் ஜாயின்ட் எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று தெரியாது. என் ஜாயின்டில் நான்கு இடத்தில் தெரியும். இரண்டு பேரும் போனால் உன்னைத்தான் எடுப்பார்கள். அதனால்தான் சொல்லவில்லை. வேறு காரணம் இல்லை.

ஒன்பது தடவை லீவில் ஊருக்கு வந்தேன். ஒவ்வொரு தடவையும் கிருஷ்ணகிரி பஸ் ஓசூருக்குள் நுழைந்ததும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவது போல இருந்தேன். இங்கே யாராவது என் வேலையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இதை நான் பெரிதாக்கி எழுதவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் உண்டு என்பதால் சொல்கிறேன்.

மன்னித்துவிடு சமி.

ஜனவரி பதினொன்றாம் தேதி சனிக்கிழமை காலை உன் கடைக்கு வருகிறேன். நீ போட வேண்டிய சண்டையைப் போடு. முடியும்வரை நிற்கிறேன். தர்ஷினி பண்ணை முனை வரை துணைக்கு வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தனியாகத்தான் வருகிறேன்.

தீர்த்தகிரி