கொப்பர் ஒளிச்சு வைச்ச வான்

சிலாவத்தை,
முல்லைத்தீவு.

அன்பு மகள் நிரோசினிக்கு அம்மா எழுதிறது,

இஞ்சை நானும் கொப்பரும் கோழியளும் மாதாவின்ரை இரக்கத்தாலை நல்ல சுகம், வானும் இப்ப சுகம், அதுதான் பெரிய சேதி. நோர்வேக் குளிருக்குள்ளை நீயும் மருமகனும் சுகமாய் இருக்கவேணும் எண்டு ஒவ்வொரு பின்னேரமும் செபத்திலை கேக்கிறன். போன் இருக்கேக்கை அம்மா என்ன கடுதாசி எழுதிறா எண்டு நீ சிரிப்பாய், சிரி. நான் மூண்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள், எழுத்துப் பிழையைப் பாக்காதை, பாத்தாலும் மருமகனுக்குக் காட்டாதை. போனிலை கதைச்சால் கொப்பர் பக்கத்திலை நிண்டு காதை நீட்டுவார், அவரைப் பற்றின கதையை அவரை வைச்சுக்கொண்டு எப்பிடிச் சொல்லுறது. பக்கத்து வளவு நிறஞ்சனா தமக்கையைப் பாக்க உங்கை வாறா, அவவின்ரை பெட்டிக்குள்ளை கருவாட்டோடை இதையும் வைச்சு விடுறன், மணத்தாலை இது ஊர்க் கடுதாசி எண்டு உனக்கு விளங்கும்.

நீ அண்டைக்கு வானின்ரை அடிச்சட்டத்திலை கிடக்கிற செசி நம்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய், பிறகு வான் செய்த கொம்பனிக்காரர் இன்ரநெற்றிலை போட்டிருக்கிற லிஸ்றிலை அந்த நம்பரைத் தேடிப் பாத்திட்டு, அப்பா எங்கடை வானும் அதுக்குள்ளை நிக்குது, முன் சில்லைத் தாங்கிற இரும்பு வெடிக்கிற இரும்பாம், காசில்லாமல் மாத்திக் குடுக்கினமாம், வவுனியா கராச்சிலை வியாழன் தொட்டுச் சனி வரைக்கும் செய்யினம், அதுவரைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்தாதேங்கோ எண்டு சொன்னாயெல்லே. கொப்பர் ஓம் பிள்ளை ஓம் பிள்ளை எண்டு தலையாட்டினவர். போனை வைச்சவுடனை முகத்தைப் பாக்கோணும், புளிச்ச கள்ளுக் குடிச்ச மாதிரி. பள்ளிக்கூடத்துக்கு முன் சீற்றிலை ஏறுற எங்கடை வினோஜாக்குட்டி எத்தினை நாளாய்ச் சொன்னது, யாகப்பு மாமா உங்கடை வான் பல்லை நறநறக்குது எண்டு. அது றோட்டின்ரை பல்லடி எண்டு இவர் அதுக்கு மறுமொழி சொல்லிக்கொண்டு திரிஞ்சவர்.

அடுத்தநாள் விடிய எழும்பிப் பாக்கிறன், முத்தத்திலை வானைக் காணேல்லை. ஆரும் களவெடுத்துப் போட்டாங்களோ எண்டு நான் குளறப் போக, குளறாதை எண்டார், சவிரிமுத்து அண்ணையின்ரை மீன்வாடிக்குப் பின்னாலை விட்டிருக்கிறன் எண்டார். போய்ப் பாத்தால் பழைய வலையும் கிடுகும் போட்டு மூடிக் கிடக்கு, மூக்கு மட்டும் வெளியிலை நீட்டிக்கொண்டு நிக்குது, மேலை ரெண்டு காகம். கடற்கரை முழுக்கத் தெரிஞ்ச ஒளிப்பு. வானுக்கு என்ன எண்டு தாய்மார் வந்து கேட்டால் காய்ச்சல் எண்டு சொல்லுறார். இவருக்குப் பக்கமேளம் சவிரிமுத்து அண்ணை, கராச்சுக்காரங்கள் நல்ல சாமானைக் கழட்டிப்போட்டுப் பழசைப் பூட்டி ஏமாத்துவாங்கள், கொண்டுபோன வான் வராது யாகப்பு எண்டு ஓதுறார்.

நான் உன்னட்டைக் கொப்பரைப் பற்றிப் பகிடி பண்ணினாலும் இதிலை அவரைக் குறை சொல்ல மாட்டன் பிள்ளை. உனக்கு அப்ப சின்ன வயசு, எங்களிட்டை நிண்ட லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஞாபகம் இருக்குதோ தெரியாது. சண்டை முடியிற நேரம் கடைசியாய் ஊரைவிட்டு வெளிக்கிடேக்கை, றோட்டுக் கரையிலை விட்டிட்டுப் போங்கோ, பிறகு வந்து எடுக்கலாம் எண்டு ஆமிக்காரர் சொல்ல, அந்த மனுசன் அதைப் பூட்டி, திறப்பைச் சாரத்துக்குள்ளை முடிஞ்சுகொண்டு வந்தவர். முகாமிலை இருந்து ஊருக்குத் திரும்பி வந்தாப்போலை இரும்புக் குவியலுக்குள்ளை தேடித் தேடித் திரிஞ்சார். திறப்பு இப்பவும் அலுமாரிக்குள்ளை கிடக்கு. குடுத்த சாமான் திரும்பி வந்த பழக்கம் எங்களுக்கு இல்லை, அதுதான் அவரின்ரை பயம். வானை நெருப்பிலை போடு எண்டாலும் போடுவார், ஆரிட்டையும் விட்டிட்டு வா எண்டால்தான் ஏலாது. ஆனால் அந்த மூண்டு நாள் கழிஞ்சால் காகத்தைக் கலைச்சுப்போட்டுத் திங்கக்கிழமை பிள்ளையளை ஏத்திறதுதான் இவரின்ரை எண்ணம் எண்டு எனக்குத் தெரியும். பதினொரு பிள்ளையள் பிள்ளை, பதினொரு தாய்மார்.

வெள்ளி வரைக்கும் சொல்லிப் பாத்தன், கேக்கேல்லை. சனி விடியப் புட்டவிச்சு, பாரைமீன் குழம்பும் கட்டி, கோயிலுக்கு உடுக்கிற சீலையையும் உடுத்துக்கொண்டு போய் வலையைத் தூக்கிப்போட்டு முன் சீற்றிலை ஏறி இருந்திட்டன். எங்கை வெளிக்கிட்டாய் எண்டார். வவுனியாவுக்கு, வானை எடுத்தால் அவங்கள் என்னையும் சேத்து எடுக்கட்டும், ரெண்டு நட்டத்தையும் ஒரேயடியாய்த் தாங்கு எண்டன். கொப்பர் சொல்லுறார், உன்னை அவங்கள் பத்திரமாய்த் திருப்பித் தருவாங்கள், வான்தான் சந்தேகமாம். சொல்லிப்போட்டுத் தானே சிரிச்சார், சிரிச்ச ஆளைப் பிறகு வெளிக்கிடுத்திறது லேசு. கராச்சுக்குப் போன் பண்ணிக் கேக்க, பாரம் ஏத்தாமல் மெல்லமாய் ஓடி வாங்கோ எண்டவையாம். நான் பாரமோ எண்டு கேட்டன். கியரைப் போட்டு வானை எடுத்தார், புத்திசாலி. நெடுங்கேணி றோட்டாலை சைக்கிள்காரரும் எங்களை முந்திக்கொண்டு போச்சினம்.

அங்கை லக்ஷன் எண்டொரு மெக்கானிக் தம்பி, நல்ல பிள்ளை, வானை உயத்திப்போட்டு எங்களைக் கீழை கூப்பிட்டு லைற் அடிச்சுக் காட்டினது. முன் சில்லைப் பிடிச்சு நிக்கிற இரும்புக் கையிலை மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. விரலாலை தடவிப் பாருங்கோ ஐயா, வெடிப்பு பாதிக்கு மேலை போயிட்டுது, இன்னும் ரெண்டு பெரிய கிடங்கிலை விழுந்திருந்தால் சில்லு உள்ளுக்கு மடிஞ்சிருக்கும் எண்டது. கொப்பர் தடவின கையாலை அப்பிடியே சிலுவை அடையாளம் போட்டார், நெத்தியெல்லாம் கிறீஸ். நான் சிரிக்கேல்லை பிள்ளை, பாத்துக்கொள், நானே சிரிக்கேல்லை. வினோஜாக்குட்டியின்ரை சீற்றுக்கு நேரை கீழை அந்தச் சில்லு.

திறப்பைத் தந்திட்டு ரவுணுக்குப் போயிட்டுப் பின்னேரம் வாங்கோ எண்டு சொல்லிச்சினம். கொப்பர் திறப்பை நீட்டிறார், விரல் விடுகுதில்லை. அந்தத் தம்பி இழுக்கவுமில்லை, பகிடி பண்ணவுமில்லை. ரெண்டு கதிரையைக் கொண்டுவந்து வானுக்கு முன்னாலை போட்டிட்டு, ஐயா நீங்கள் இஞ்சையே இருந்து பாருங்கோ எண்டது. அதுக்குப் பிறகுதான் விரல் விட்டது. மத்தியானம் புட்டை மூண்டாய்ப் பிரிச்சுத் திண்டம், அந்தத் தம்பி குழம்பைப் புகழ்ந்ததிலை எனக்கு ஒரு வயசு குறைஞ்சு போச்சு. வேலை முடியத் திறப்பைக் கொப்பரின்ரை உள்ளங்கையிலை வைச்சு, கழுவியும் விட்டிருக்கிறம் ஐயா எண்டது. இவர் கதவைத் திறந்து ஜக்கு கிடக்கோ, மாதா சுரூபம் கிடக்கோ, கால்மிதி கிடக்கோ எண்டு எல்லாம் பாத்தார். ஒண்டும் குறையேல்லை.

முகம் தெரியாத ஆரோ தாங்கள் விட்ட பிழையைத் தாங்களே வெளியிலை சொல்லி, சிலாவத்தையிலை ஓடுற ஒரு கிழட்டு வானையும் விடாமல் தேடியிருக்கினம். எங்களையும் ஒருத்தர் தேடுவினமோ பிள்ளை. அவைக்கும் புண்ணியம் கிடைக்கட்டும், வேலை முடிஞ்சு வந்த களைப்போடை இருந்து அந்த நம்பரைத் தேடின உனக்கு அதிலும் கூடக் கிடைக்கட்டும். பதினொரு வீட்டுப் பிள்ளையளை நீ காப்பாத்தினது, ஒரு தாய்க்கும் அது தெரியாது, எனக்குத் தெரியும்.

வரேக்கை ஓமந்தையிலை கொப்பர் வானை ஓரத்திலை நிப்பாட்டினார். தேத்தண்ணி குடிக்கவாக்கும் எண்டு பாத்தால் இறங்கிப்போய் மரத்தடியிலை முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு உனக்குப் போன் அடிச்சார். அண்டைக்கு அப்பாவின்ரை போன் வந்து, நீ ஹலோ ஹலோ எண்டு கத்தக் கத்த ஒரு சத்தமும் வராமல் நிண்டதெல்லே. சிக்னல் இல்லையாக்கும் எண்டு பிறகு எனக்குச் சொன்னாய். சிக்னல் நல்லாய்த்தான் இருந்தது பிள்ளை.

இதை எழுதினனான் எண்டு அவருக்குச் சொல்லிப்போடாதை. கருவாட்டை நல்லாய்க் கட்டி வை, மணம் போய்க் கீழ்வீட்டு வெள்ளைக்காரர் பொலிசைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவினம். உங்கடை காரையும் கராச்சிலை ஒருக்காக் காட்டச் சொல்லி மருமகனிட்டைச் சொல்லு, பனியிலை பறக்க வேண்டாம் எண்டு மாமி சொன்னதாயும் சொல்லு. மாதா உங்கள் ரெண்டு பேரையும் தன்ரை சீலைத் தலைப்புக்குள்ளை வைச்சுக் காக்கட்டும், போற இடமெல்லாம் போய் வீட்டுக்குத் திரும்பி வாங்கோ.

உன்ரை அம்மா,
யாகப்பு கொறற்றி