பலகையைப் பிடிக்க இன்னொரு கை

பாலிங்கன், ஜெர்மனி
நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை

என் அன்பு மகள் சில்கெவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை கிரெய்க்கும் ஆஸ்திரேலியாவில் அந்தப் பெர்த் வெயிலில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் வழக்கம். காலையிலிருந்து அந்த ஒரு வரியை மூன்று தாளில் எழுதிக் கிழித்துவிட்டேன். அதனால் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, நீ கேட்டதை முதலில் எழுதுகிறேன்.

போன மாதம் நீ ஷ்பெட்ஸ்லெ செய்முறை கேட்டாய். அங்கே கடையில் பாக்கெட்டில் வாங்கியது ரப்பர் மாதிரி இருந்ததாம், கிரெய்க் "இந்த நூடுல்ஸுக்கா உங்க ஊர்க்காரங்க இவ்வளவு பெருமை அடிச்சுக்கறீங்க"ன்னு கேட்டாராம். அவரிடம் சொல், பாக்கெட்டில் இருப்பது எங்கள் ஊர்க்காரர்கள் செய்தது இல்லை. நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை, எல்லாம் எண்ணி முடித்த பிறகு மேலே இன்னொரு முட்டை. ரவை போலக் கொஞ்சம் நறநறவென்று இருக்கும் மாவு கிடைத்தால் நல்லது. உப்பு, ஒரு வாய்த் தண்ணீர். மரக்கரண்டியால் அடிக்க வேண்டும். கை வலிக்கிறது என்று நிறுத்தாதே, மாவில் குமிழ் வந்த பிறகு நிறுத்து. கரண்டியைத் தூக்கினால் மாவு சொட்டவும் கூடாது, ஒட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது, மனசில்லாமல் விழ வேண்டும். அரை மணி நேரம் மூடி வை. பிறகு பலகையைத் தண்ணீரில் நனைத்து, ஒரு கரண்டி மாவை அதன்மேல் மெல்லிசாகத் தடவி, உப்புத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது பானை விளிம்பில் பலகையைச் சாய்த்து, தகட்டால் நூல் நூலாக உள்ளே வழித்துத் தள்ளு. மிதந்து மேலே வந்ததும் அள்ளிவிடு. வலது கை வழிக்கும், இடது கை பலகையை அசையாமல் பிடித்திருக்கும். சில்கெ, எனக்கு இப்போது அந்த இடது கை இல்லை. மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. நாலு வாரம் ஆகிறது.

பயப்படாதே, முழுதும் படி. அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து நான் எடுக்கவில்லையே, அன்றைக்குத்தான். அப்பா போன பிறகும் நான் ஞாயிற்றுக்கிழமை சமையலை விட்டதில்லை, அது உனக்குத் தெரியும். ஆனால் ஒரு ஆளுக்கு மாவு கலக்க எனக்குக் கை வரவில்லை. மூன்று முட்டைக்குக் கீழே குறைக்க முடியவில்லை. ஞாயிறு செய்ததைத் திங்கள் வெண்ணெயில் வறுப்பேன், செவ்வாய் மேலே முட்டை உடைத்து ஊற்றுவேன், புதன் சூப்பில் போடுவேன். வியாழக்கிழமை வந்தால் அப்பாடா என்று ரொட்டி தின்பேன். அன்றைக்கும் மூன்று முட்டை. ஒன்றை உடைக்கும்போது வெள்ளைக்கரு தரையில் வழிந்ததை நான் கவனிக்கவில்லை. தண்ணீர் கொதித்துவிட்டது, மாவு தடவிய பலகையோடு திரும்பினேன். அவ்வளவுதான் தெரியும். பிறகு பார்த்தால் அடுப்படியில் மல்லாந்து கிடக்கிறேன், தலைமுடியெல்லாம் மாவு, இடது கை திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருக்கிறது, கணுக்கால் ஊன்ற விடவில்லை. மணி பதினொன்றரை இருக்கும்.

கத்தினேன். யாருக்குக் கேட்கும், ஜன்னலையெல்லாம் நான்தானே குளிருக்கு அடைத்து வைத்திருந்தேன். சரியாகப் பன்னிரண்டுக்குக் கூடத்தில் போன் அடித்தது. நீதான் என்று தெரியும், அந்த நேரத்துக்கு வேறு யாரும் இந்த வீட்டுக்கு அழைப்பதில்லை. வலது முழங்கையால் இழுத்து இழுத்து நகர்ந்தேன், மேஜைக்கால் வரைதான் போக முடிந்தது. மணி அடித்து அடித்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. நான் "இருக்கேன், இருக்கேன்டி கண்ணு"ன்னு பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன், எடுத்துப் பேசுகிற மாதிரியே. மூன்றாம் தடவை சீக்கிரமே நின்றுவிட்டது. அப்போதுதான் அழுதேன், விழுந்ததற்கு அழவில்லை. அடுப்பில் பானை வற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் சத்தம் நின்றது, எனாமல் பட்பட்டென்று வெடிக்க ஆரம்பித்தது, கரிந்த வாடை. அடுப்புப் பக்கத்தில் கைத்துணி தொங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தபடி கிடந்தேன்.

என்னைக் காப்பாற்றியது யார் தெரியுமா, கீழ்வீட்டு தீசென். உன்னிடம் எத்தனை முறை அவரைப் பற்றிக் குறை சொல்லியிருக்கிறேன். வடக்கே கடலோரத்து மனுஷன், இரண்டு வருஷமாகியும் படிக்கட்டுப் பெருக்கும் முறை வந்தால் மறந்துவிடுவார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊரே அடங்கியிருக்கும்போது டிராம்போன் ஊதுவார். நான் துடைப்பக் கட்டையால் தரையில் இடிப்பேன். அன்றைக்கு இரண்டு மணி வாக்கில் கீழே பூம் என்று ஆரம்பித்தது. என் வாழ்நாளில் எந்தப் பாட்டையும் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. பக்கத்தில் கிடந்த பலகையை எடுத்து இடித்தேன். உடனே ஊதுவதை நிறுத்திவிட்டார்! இரண்டு வருஷமாக நான் இடிக்க இடிக்க நிறுத்தாத மனுஷன் அன்றைக்கு நிறுத்துகிறார். எனக்கு உயிரே போய்விட்டது. விடாமல் இடித்தேன், சத்தமே இல்லாத வீட்டின் மேல் இடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் தடதடவென்று படியேறி வந்து கதவுக்கு வெளியே நின்று, "ஹேகெலெ அம்மா, பொட்டிக்குள்ள வெச்சுப் பூட்டியாச்சு, இன்னும் எதுக்கு இடிக்கிறீங்க? நான் மூச்சு விடறதும் கேக்குதா?"ன்னு கத்தினார். நான் "விழுந்துட்டேன்யா"ன்னு சொன்னது அவருக்குக் கேட்டது. சாவி உள்பக்கம் பூட்டில் இருந்ததால் திறக்க முடியவில்லை. தீயணைப்புக்காரர்கள் ஏணி போட்டு ஜன்னலை உடைத்து வந்து முதலில் அடுப்பை அணைத்தார்கள். அவர்கள் வருகிறவரை அவர் வாசலிலேயே உட்கார்ந்து கதவு வழியாகப் பேசிக்கொண்டிருந்தார். என்ன சமையல் என்று கேட்டார். சொன்னேன். "அதை எங்க ஊர்ல நாங்க சாப்பிடறதே இல்ல"ன்னார். "அதான் நீங்க இப்படி இருக்கீங்க"ன்னேன். அந்த நிலையிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை பார்.

மருத்துவமனையில் மூன்று நாள். அடுத்த ஞாயிறு நீ கூப்பிட்டு, "போன வாரம் எங்கேமா போயிருந்தே"ன்னு கேட்டாய். தேவாலயத்துக்குப் போய், அப்படியே தோழி வீட்டில் கேக் சாப்பிட்டேன் என்றேன். "அம்மா, நீ வெளிய போய்ட்டு வந்தேன்னு கேக்கவே சந்தோஷமா இருக்கு"ன்னு சொன்னாய். உன் குரலில் அவ்வளவு நிம்மதி. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் பொய் சொன்னதைவிட, நீ அதை அவ்வளவு சுலபமாக நம்பியதுதான் என்னவோ செய்தது. இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. நீ அந்த ஊருக்குப் போன இந்த ஒன்பது வருஷமாக நான் உன்னை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு தீசென் கதவைத் தட்டினார். இப்போது அவரிடம் ஒரு சாவி இருக்கிறது, இருந்தாலும் தட்டித்தான் வருவார். "அன்னிக்கு பாதியில நின்னுச்சே, அதைச் செய்யலாமா"ன்னு கேட்டார். மாவை அவர் அடித்தார், நன்றாகவே அடித்தார், ஊதி ஊதி நெஞ்சு பலம் இருக்கிறது. வழிக்கத்தான் வரவில்லை. நம் பேச்சில் ஷ்பெட்ஸ்லெ என்றால் குட்டிக் குருவி, அவர் தள்ளியதெல்லாம் கட்டை கட்டையாக விழுந்தது. "இது குருவி இல்ல, கொழுத்த காக்கா"ன்னு சொன்னேன். "உங்க ஊருக் குருவி பட்டினி கெடக்குது போல"ன்னார். பிறகு பலகையை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, நான் வலது கையால் வழித்தேன். ஆவியில் அவருக்குக் கண்ணாடி மறைத்துவிட்டது, அசையாமல் அப்படியே நின்றார். இரண்டு தட்டு வைத்தேன், பருப்பும் தொத்திறைச்சியும் சேர்த்து. மூன்று முட்டை மாவும் தீர்ந்துபோயிற்று, திங்கட்கிழமைக்கு மிச்சமில்லை. இரண்டு மணிக்கு அவர் நன்றி சொல்லிவிட்டுக் கீழே போனார். கழுவி வைத்த தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல மனிதர்தான், சில்கெ. ஆனால் அவரிடம் அப்பாவைப் பற்றிப் பேச முடியாது, நீ மூன்று வயதில் மேஜைக்கடியில் பதுங்கி மாவு தின்றதைச் சொன்னால் சிரிப்பார், ஆனால் அவருக்கு அதில் நினைவு ஒன்றும் இல்லை. யாரோ ஒருவர் துணைக்கு வந்த பிறகுதான் எது இல்லை என்று சரியாகத் தெரிகிறது.

உன் அப்பாவை அடக்கம் செய்த வாரம் நாலு நாள் இருந்தாய். விமானத்துக்குக் கிளம்பும்போது "நான் இருக்கட்டுமா மா"ன்னு கேட்டாய், நான் "போய் உன் வேலையைப் பாரு"ன்னேன். அதன் பிறகு நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உனக்குச் செலவு, உனக்கு லீவு இல்லை, அவ்வளவு தூரம் என்று நானே உனக்காகக் காரணம் எல்லாம் சொல்லி முடித்துவிடுவேன். என்னை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பற்றிப் பேச வர வேண்டாம், கை கூடி வருகிறது, கணுக்கால் சரியாகிவிட்டது, அதற்காக இல்லை. வேலை ஒன்றும் இல்லாமல், காரணம் ஒன்றும் இல்லாமல் வா. இதுவரை உன்னிடம் நான் இதைக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். வா.

இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு, காபியோடு சேர்த்து விழுங்காதே. கிரெய்க்கிடம் நான் கேட்டதாகச் சொல். கடவுள் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். இந்த ஞாயிறு பன்னிரண்டு மணிக்குப் போன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

எப்போதும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
கெர்லிண்டெ ஹேகெலெ