உம்முடைய டப்பும் காலஞ்சென்ற நானும்

இன்று காலை தேத்தண்ணீர் வார்த்துக்கொண்டு நிற்கையில் சூடேறிய பிளாஸ்ரிக் மணம் வந்தது. திரும்பிப் பார்த்தால், சாப்பாட்டு மேசையில் உம்முடைய டப், அந்தத் தொடுதிரைக் கணினி, தானாக விழித்திருந்தது. நான் தொடவில்லை. பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடின. கடைசியில், நீர் கண்மூடுமுன் உமக்கென்று எழுதிவைத்த மரண அறிவித்தலில் வந்து நின்றது. எழுத்து விழவேண்டிய இடத்தில் மின்னுகிற அந்தச் சின்னக் கோடு, சரியாக என் பெயருக்கு முன்னால் நின்று துடித்தது. அடுத்து என்ன எழுதலாம் என்று யாரோ யோசிக்கிற மாதிரி இருந்தது. தேத்தண்ணீரை மேசை முழுக்க ஊற்றிவிட்டேன்.

இது நாலாவது தரம். சென்ற கிழமை திருநெல்வேலியில், பலாலி வீதிக் கடையொன்றுக்கு இதைக் கொண்டுபோனேன். திருத்துகிறவர் டப்பை மேசையில் வைத்து ஒரு விரலால் தட்டினார். அது நிலையில்லாமல் ஆடியது.

"ஐயா, பற்றரி ஊதிப்போச்சு. அது உள்ளுக்கை இருந்து கண்ணாடியைத் தள்ளுது. அதாலைதான் தொடாமலே திறக்குது. பேய் பிசாசு ஒண்டுமில்லை."

பேய் என்று நான் வாயே திறக்கவில்லை. என் முகத்தில் எதைக் கண்டாரோ.

"இனிப் பாவிக்கலாமோ?" என்று கேட்டேன்.

"பாவிச்சு என்ன செய்யப்போறியள்? உதிலை இனி ஒண்டும் ஓடாது. நெருப்புப் பிடிச்சாலும் பிடிக்கும். தந்திட்டுப் போங்கோ, நான் கழட்டி விடுறன்."

அவர் சொன்னதில் பிழையில்லை. மகள் கனடாவிலிருந்து எடுக்கிற வீடியோ அழைப்பு இதில் வருவதில்லை. செய்திப் பக்கங்கள் பாதியில் வெள்ளையாகி நின்றுவிடுகின்றன. மிஞ்சியிருப்பது உம்முடைய அந்தக் குறிப்பு மட்டும்தான். அதை விட்டுவிட்டு வர மனமில்லாமல் டப்பைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

மகள் இதை அனுப்பியது தன் முகத்தை நாம் பார்ப்பதற்கு. நீர் பார்த்தது மரண அறிவித்தல்களை. விடிந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எனக்கு வாசிப்பீர். "இஞ்சாருங்கோ, உங்களோடை வேலை செய்த உரும்பிராய் மனுசன் மோசம் போயிட்டாராம். பாருங்கோ, மூத்த மருமகன்ரை பேரை விட்டிட்டினம். செத்தவீட்டிலை அவர் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிக்கப்போறார்." நம் ஊரில் பெயர் விடுபட்டால் தலைமுறைக்கும் முகம் கொடுத்துக் கதையாதவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தில்தான் உம்முடையதை நீரே எழுதிவைத்தீர். கச்சேரி அலுவலகத்தில் முப்பது வருடம் பிறர் எழுதிய வரைவுகளைத் திருத்திய எனக்கு, அதை ஒருநாளும் காட்டவில்லை.

நீர் போன அன்று உம்முடைய தம்பி டப்பில் அதைக் கண்டெடுத்து, வரிக்கு வரி வாசிக்காமல் வானொலி மரண அறிவித்தலுக்கு அனுப்பிவிட்டார். பின்னேரம் நான் விறாந்தையில் உம்முடைய பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். பக்கத்து வீட்டு வானொலி கேட்டது. உம்முடைய பெயர் வந்தது. அடுத்து, காலஞ்சென்ற என்று சொல்லி, என் முழுப் பெயரையும் வாசித்து, அவரின் அன்பு மனைவியும் என்றார்கள். விறாந்தையில் அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் என் கையைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிடம், நான் உயிரோடு இருக்கிறேனா என்று உண்மையாகவே எனக்கு நிச்சயமில்லை.

"அத்தான், அக்கா எழுதினதுதானே எண்டு அப்பிடியே அனுப்பிப்போட்டன்," என்று உம்முடைய தம்பி கையைப் பிசைந்தார். அவரை என்னவென்று ஏசுவது?

லண்டனிலிருந்து என் பள்ளிக்கூடத் தோழன், நம் மகளுக்கு ஆறுதல் சொல்ல வீட்டுக்கு அழைத்தான். நான்தான் எடுத்தேன். "ஆர் கதைக்கிறது?" என்றான். "நான்தான்ரா," என்றேன்.  அழைப்பைத் துண்டித்துவிட்டான். சுன்னாகம் சந்தையில் எனக்கு வழமையாக வெங்காயம் விற்கிற பெண், என்னைக் கண்டதும் முதலில் என் கால்களைத்தான் பார்த்தாள். அவை நிலத்தில் பட்டிருந்ததைக் கண்டபிறகுதான் தராசைத் தூக்கினாள்.

இதெல்லாம் சிரிப்புக்குரியதுதான். ஆனால் எனக்குக் கோபம். ஆறு மாதமாக உம்மோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன். உயிரோடு முன்னால் இருந்து புட்டுத் தின்கிற மனுசனை எப்படி உமக்கு அப்படி எழுத மனம் வந்தது? நான் போய்ச்சேர வேண்டுமென்று பார்த்துக்கொண்டா இருந்தீர்?

நேற்று மகள் தொலைபேசியில் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, இன்னொருக்கா உப்பிடிப் பிழை வராமல் உங்கடையை நீங்களே எழுதித் தாங்கோவன்." சரியென்று கடதாசியை எடுத்தேன். ஊர், தாய் தகப்பன், உத்தியோகம் எல்லாம் கடகடவென்று வந்தது. உம்முடைய பெயரில் வந்து நின்றேன். அதற்கு முன்னால் காலஞ்சென்ற என்ற அந்தச் சொல்லைப் போடவேண்டும். சேமக்காலையில் உம்மீது மண் போட்ட கைதான். எழுத மாட்டேன் என்றது.

அப்போதுதான் ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. என் நெஞ்சைப் பிளந்து தைத்த கிழமை. கட்டிலடியில் இருந்து என்னை ஏசிக்கொண்டிருந்தீர். "சாப்பிடாமல் கிடந்தால் நான் முன்னுக்குப் போயிடுவன். பிறகு ஆர் உங்களைப் பாக்கிறது? உங்களை அனுப்பிப்போட்டுத்தான் நான் வருவன்." வழமையான ஏச்சு என்று கேட்டுக்கொண்டு கிடந்தேன். நீர் அதைக் கணக்காகவே வைத்திருந்திருக்கிறீர். என்னைத் தனியே விடுவதில்லை என்று தீர்மானித்த பிறகு, அந்தச் சொல்லை என் பெயருக்கு முன்னாலன்றி வேறெங்கே எழுதுவீர்? மன்னித்துக்கொள்ளும்.

டப்பை நாளைக்குக் கடையில் கொடுத்துவிடுவேன். உபயோகமில்லை என்று அவர் சொன்னது சரி. குறிப்பைக் கையால் பிரதி பண்ணிவிட்டேன், ஒரு சொல்லும் திருத்தாமல்.

என்னுடையதையும் முடித்துவிட்டேன். உம்முடைய பெயருக்கு முன்னால் ஒன்றும் போடவில்லை. மகளும் போடக்கூடாது என்று கீழே எழுதியிருக்கிறேன். என் செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் உம்மைத் தேடட்டும்.