உலாந்தா வாளுக்கு ஒரு ஆள்

விய வருஷம், ஆவணி 3, பழவேற்காடு

மழை இல்லை. அறுப்பு வாள் இன்றும் மரத்தின் நடுவில் சிக்கிக்கொண்டது. ஐந்து பல் போயிற்று, மீதியும் என் மாமியார் பல் மாதிரி ஆடுகிறது. கௌஸ் மைதீன் மரக்காயருக்குப் புரட்டாசிக்குள் கப்பல் பலகை கொடுக்காவிட்டால் மரத்தையெல்லாம் வேறு மரவாடிக்கு ஏற்றிப்போய்விடுவார். புது வாள் வாங்கியே தீர வேண்டும்.

மரத்துக்கு அடியில் குழிக்குள் நின்று வாளின் கீழ்முனையைப் பிடிக்கிற ரங்கன், "மெதுவா இழுங்க மேஸ்திரி, கண்ணுல தூளு வுழுது" என்றான். பன்னிரண்டு வருஷமாக விழுகிற தூள்தானே! மேலே நின்று அறுக்கிறவன் நான். சும்மா பிடித்துக்கொள்கிற பயலுக்குப் பேச்சு வேறு.

ஆவணி 9

பொன்னேரிக் கொல்லனிடம் நான்கு முழ வாள், மூன்று வராகன். வளைத்தால் வளைந்தபடியே நிற்கிறது. வாழைத்தண்டு அறுக்கலாம்.

மரக்காயரிடம் கடலுக்கு அப்பால் அச்சையிலிருந்து வந்த வாள், ஐந்து முழம், ஏழு வராகன். பல் அருமை, ஆனால் நடுவில் ஒட்டுப் போட்டிருக்கிறது. ஏழு வராகனுக்கு ஒட்டா? போய்யா!

ஆவணி 14

கோட்டைக்குப் போய் அங்கே இருக்கும் வெள்ளைக்காரர்களான உலாந்தாக்காரர் வாளைப் பார்த்தேன். வாளைச் சோதிக்க ரங்கனையும் இழுத்துப்போனேன். ஆறு முழம், ஒரே இரும்பு, இரண்டு முனையிலும் பிடி. ரங்கன் விரலால் சுண்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டான். அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "இன்னாமா பாடுது மேஸ்திரி! இதையே வாங்கிக்கலாம்."

பிறகு பல்லைத் தடவினான். "பல்லு கீழ பாத்துக்கினு கீது. இதுல குழில நிக்கறவன்தான் அறுக்கணும். நீங்க தூக்கிக் குடுத்தா போதும்."

கூலி ஏற்றிக் கேட்க இப்படி ஒரு வழி! வாயை மூடுடா என்றேன்.

கோட்டைக் கணக்கன் தேசப்பன் வராகன் வேண்டாம் என்றான். இந்தப் பஞ்சத்தில் அவர்கள் வாங்குவது ஒன்றுதான், கப்பலில் ஏற்றி அனுப்ப ஆட்கள். ரங்கனின் தோளைப் பிடித்து அழுத்திப் பார்த்துவிட்டு என் காதருகே வந்து, "இவன் ஒர்த்தன் போதும்" என்றான்.

ஆவணி 15

ஒப்பிட்டுத்தானே பார்க்கிறேன், அதில் என்ன பாவம்? உலாந்தா வாள் பத்து வருஷம் உழைக்கும், கஞ்சி கேட்காது. ரங்கன் இரண்டு வேளைக் கஞ்சி, ஓயாத இருமல், வலது கண் பாதி போயிற்று. பிடிக்கிற கைதானே — ஊரில் பசித்த கைக்கா பஞ்சம்?

போன வருஷம் என்னிடம் நெல் கடன் வாங்கியபோது அவன் கீறல் வைத்த ஓலை என்னிடம் இருக்கிறது. அடிமை என்றுதான் எழுதினேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது.

ஆவணி 17

"இந்த ஓலையைத் தேசப்பனிடம் கொடுத்து வாளை வாங்கி வா" என்று ரங்கனை அனுப்பினேன். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டான். கொட்டாங்கச்சி நிறையச் சுறா எண்ணெயும் எடுத்துக்கொண்டான். "வர்ற வழியிலயே உப்புக்காத்துல துரு ஏறிடும் மேஸ்திரி." நல்லவன்தான். அதற்கு நான் என்ன செய்ய?

மாலையில் வாள் வந்தது. கோட்டை ஆட்கள் இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். எண்ணெய் தடவியிருந்தது.

ஆவணி 18

ரங்கன் பெண்சாதி எல்லம்மா கஞ்சிச் சட்டியோடு வந்து நின்றாள். மரம் பார்க்க மீஞ்சூருக்கு அனுப்பியிருக்கிறேன் என்றேன். "வந்தா குடுங்க" என்று சட்டியை வைத்துவிட்டுப் போனாள். கஞ்சியை நானே குடித்தேன். வீணாக்குவானேன்?

ஆவணி 25

அடப் பாவி, அவன் சொன்னது நிஜம்! மேலே நின்று எவ்வளவு இழுத்தாலும் வாள் வழுக்கிக்கொண்டு சும்மா வருகிறது. கீழே இழுக்கும்போதுதான் கடிக்கிறது. குழியில் இறக்கிய மூன்று பேரும் ஒரு சாண் அறுப்பதற்குள் சுருண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பசித்த கை இழுக்காதாம். இது எனக்கு முன்பே தெரியாதா?

புரட்டாசி 4

நானே குழியில் இறங்கினேன். மேலே தூக்கிக் கொடுக்க எல்லம்மா. கூலிக்கு வருகிறேன் என்று அவளே வந்தாள். முதல் இழுப்பிலேயே கண் நிறையத் தூள், சனியன்!

"தலையைச் சாய்ச்சுக்குங்க மேஸ்திரி, அவரு அப்டித்தான் நிப்பாரு. எப்ப வருவாரு?"

"வருவான். நீ வாளைத் தூக்கு."

கப்பல் முந்தாநாளே போய்விட்டது.

புரட்டாசி 20

எட்டுப் பலகை. எட்டும் கோணல். மரக்காயர் ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "வாளு நல்ல வாளுதான்" என்றார். மாலைக்குள் மரம் எல்லாம் போயிற்று. என் வலது கண் கலங்கலாகவே இருக்கிறது.

புரட்டாசி 22

வாளைத் தூக்கிக்கொண்டு கோட்டைக்குப் போனேன். இதை வைத்துக்கொண்டு ஒரு ஆளைக் கொடு என்றேன். தேசப்பன் சிரித்தான். "நாங்க வாங்கறதோட சரி, விக்கறது அக்கரையில." சொல்லிக்கொண்டே என் தோளைப் பிடித்து அழுத்தினான். குழியில் இழுத்து இழுத்து இறுகியிருக்கிறது. "பரவால்லியே மேஸ்திரி" என்று இன்னொரு கையாலும் பிடித்தான். வாசலில் நின்ற சிப்பாய் கதவைச் சாத்த நகர்த்தினான்.

திமிறிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். ஐயோ, வாள் அங்கேயே கிடக்கிறது. போய்க் கேட்க முடியுமா?

வாடியில் எல்லம்மா உட்கார்ந்திருந்தாள். என் வெறுங்கையைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாளையும் மீஞ்சூருக்கு அனுப்பிட்டியா மேஸ்திரி?" என்று கேட்டாள்.