வாடகைக்கு வந்த நாற்பது நாற்காலி

என் மூத்த மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ அங்கே சுகமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை, கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்கு வரிசையாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் தாவிப் போய்ப் படிக்காதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

போன மாதம் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் சட்டைக் கம்பெனியில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாராவது அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றால் இந்தக் கடிதம் சாட்சி. நான் இருந்தேன். உன் தம்பி மனைவி, ஏழு மாத வயிற்றோடு, என் பக்கத்து மேஜையில் இருந்தாள். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவள் இருந்தாள், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை வெறும் தூறலுக்கு என் குடையை வாங்கிக்கொண்டு போனவள், அவளேதான். எங்கள் சூப்பர்வைசர் இருந்தான், எப்போதும் வாயில் ஊதல் வைத்திருப்பதால் அவனுக்கு விசில் என்று பெயர், வயதில் என் கடைசித் தம்பியைவிடச் சின்னவன், அதனால் மரியாதை கொடுக்காமல்தான் எழுதுகிறேன். முதலாளியின் மச்சான் இருந்தார், அவர்தான் மேனேஜர், நேரில் எல்லோரும் மேனேஜர் சார் என்போம், முதுகுக்குப் பின்னால் மச்சான் சார். சட்டை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து சோதனைக்கு வந்த அம்மா இருந்தார், சட்டைப் பையில் மூன்று பேனா. அவரோடு ஒரு மொழிபெயர்ப்பாளர், பாவம், கடுமையான ஜலதோஷம். வாசலில் வண்டியோடு நாற்காலிக் கடைக்காரர். மற்றபடி செக்கிங் பகுதியில் நாங்கள் எல்லாம் சேர்த்து முப்பத்தொன்பது பேர், நாற்காலிகள் நாற்பது. உனக்குத்தான் தெரியுமே, தையல் மிஷின்காரர்களுக்கு ஸ்டூல் உண்டு, நூல் பிசிறு வெட்டுகிற எங்களுக்கு மேஜை மட்டும்தான். உட்கார்ந்தால் கண் மந்தமாகிவிடும் என்பது விசிலின் கண்டுபிடிப்பு. பதினோரு வருஷமாக நின்றுகொண்டே கத்தரிக்கோல் பிடிக்கிறேன், எனக்குப் பழகிவிட்டது. ஆனால் மருமகளின் கால் அந்த மாதம் வீங்கிய வீக்கத்தில் செருப்பு நுழையவில்லை, உன் தம்பியின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள், மத்தியானத்துக்கு மேல் அதுவும் பிடிக்காது. ஒரு நாற்காலி போடப்பா என்று விசிலிடம் மூன்று முறை கேட்டேன், நான்காம் தேதி, ஒன்பதாம் தேதி, பதினாறாம் தேதி. மூன்றாவது முறை அவன், ஒருத்திக்குப் போட்டா எல்லாருக்கும் போடணும்க்கா, அப்புறம் இது கம்பெனியா சினிமா கொட்டாயா என்றான். அதைக் குறித்து வைத்துக்கொண்டேன், தாளில் இல்லை.

சோதனைக்கு ஆள் வரப்போகிறது என்று தெரிந்ததும் கம்பெனிக்குப் பேய் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், அடித்த வெள்ளை காயாமல் ஏழு பேர் முதுகில் ஒட்டியது. குடிதண்ணீர்க் குழாய்க்குப் புதுத் தலை மாட்டினார்கள். விசிலின் கழுத்தில் தொங்கும் கழிப்பறைச் சாவியை எடுத்துப் பூட்டிலேயே வைத்தார்கள், அன்றைக்குக் காஜாக்காரி தேவையே இல்லாமல் நாலு தடவை போய்விட்டு வந்தாள், ஆசைதான். பிறகு ஆபீஸிலிருந்து ஒரு தாள் வந்தது. அந்த அம்மா ஆறு கேள்வி கேட்பாராம், ஆறுக்கும் பதில் தாளில் இருந்தது, யாராவது ஒருத்தர் மனப்பாடம் செய்து சொல்ல வேண்டும். விசில் முதலில் காஜாக்காரியைப் பிடித்தான். அவள் இரண்டு நாள் உருப்போட்டுவிட்டு மூன்றாம் நாள் எல்லோர் முன்னாலும் எழுந்து, எங்கள் சூப்பர்வைசர் மிகவும் சுத்தமாக இருக்கிறார், தண்ணீர் எங்களிடம் அன்பாகப் பேசுகிறது என்றாள். மச்சான் சார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார இடம் தேடினார், அங்கே ஏது இடம், தரையில் உட்கார்ந்தார். அப்புறம்தான் என்னிடம் வந்தார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்று முதலில் யோசித்தார்கள், ஆனால் இந்தக் கட்டடத்தில் எவன் எந்தத் தேதியில் யாரைத் திட்டினான் என்று சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான் என்பது அவர்களுக்கும் தெரியும், அவர்களைத் திட்டியதும் அதில் உண்டு. விசில் என் எதிரே நின்று தாளை முழுக்கப் படித்தான். மச்சான் சாரிடம் அவனுக்கு அவ்வளவு பயம், ஒரு எழுத்து விடாமல் மேலிருந்து கீழே வரை ஒரே மூச்சில் படித்தான், யாருக்கு எழுதியது, எது பதில், எது குறிப்பு என்றெல்லாம் பார்க்கவில்லை. படித்துவிட்டு, அக்கா, ஒரு எழுத்து விட்டாலும் ஆர்டர் போயிடும், ஆர்டர் போனா நாம எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவோம், நான் படிச்சது படிச்ச மாதிரியே சொல்லணும் என்றான். சொல்கிறேன் என்றேன். ஒரு தடவை கேட்டால் போதும் எனக்கு. உன் அப்பாவிடம் வீட்டில் ஒப்பித்துக் காட்டினேன், அவர் கேட்டுவிட்டு, இதை அப்படியேவா சொல்லப் போற என்றார், அப்படியேதான் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன், அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் நாற்காலிகள் வந்து இறங்கின, நீல பிளாஸ்டிக், ஒவ்வொன்றின் முதுகிலும் கடைப்பெயரை மறைக்க ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். எல்லோரும் உட்காரலாம் என்று விசில் ஊதினான். பதினோரு வருஷத்தில் முதல் தடவை, யாருக்கும் உட்காரத் தெரியவில்லை, மேஜை உயரமாகிவிட்டது, கத்தரிக்கோல் மூக்குக்கு நேரே நின்றது. உன் தம்பி மனைவி உட்கார்ந்தாள், இரண்டு காலையும் நீட்டினாள், அப்படியே தூங்கிப் போனாள். சும்மா தூக்கம் இல்லை, குறட்டை. எழுப்பப் போன விசிலை நான் பார்த்த பார்வையில் அவன் திரும்பிப் போய்விட்டான். அந்த நேரம் பார்த்து மூன்று பேனா அம்மா உள்ளே வந்தார், வந்தவர் நேரே குறட்டை வருகிற பக்கம் பார்த்து ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இங்கே ஓய்வு எப்படி என்று அம்மா கேட்கிறார் என்றார். மச்சான் சார் என்னைக் கை காட்டினார். நான் எழுந்து நின்றேன், கையைக் கட்டிக்கொண்டேன், தொடங்கினேன். முதலாவது, தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, இந்த இடத்தில் குழாயைக் காட்டவும். இரண்டாவது, சாப்பிட வேண்டிய நேரம் தருகிறார்கள். மூன்றாவது, கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம். நான்காவது, மேலே உள்ளவர்கள் எங்களிடம் அன்பாகப் பேசுகிறார்கள், இந்த இடத்தில் சிரிக்கவும். ஐந்தாவது, நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறோம், போகாத நாட்களைப் பற்றிக் கேட்டால் இருமவும். ஆறாவது, உட்கார்ந்துதான் வேலை செய்கிறோம். விருந்தினர் வாசலைத் தாண்டியதும் நாற்காலிகளை எண்ணி வண்டியில் ஏற்றவும், சாவியைத் திரும்ப மேற்பார்வையாளர் கழுத்தில் போடவும், இந்தத் தாளைக் கிழித்துவிடவும். அவ்வளவுதான். ஓர் எழுத்து விடவில்லை. மொழிபெயர்ப்பாளர் நல்ல மனிதர், அவரும் ஓர் எழுத்து விடாமல் சொன்னார், இருமல் மட்டும் அவருக்கு நிஜமாகவே வந்தது. தெரியாமல் சொன்னாயா தெரிந்தே சொன்னாயா என்று ஊரே கேட்டுவிட்டது, நீயும் கேட்பாய். படித்தது படித்த மாதிரியே சொல் என்றான், சொன்னேன். அதற்குமேல் நான் ஏன் யோசிக்க வேண்டும், யோசிப்பதற்கா எனக்குச் சம்பளம்?

அந்த அம்மா மூன்று பேனாவையும் மேஜையில் வைத்துவிட்டுத் தனக்குப் போட்டிருந்த நாற்பதாவது நாற்காலியைப் பார்த்தார். கைப்பிடியில் சிகரெட் சுட்ட வட்டம் ஒன்று இருந்தது. நேற்று வேறொரு கம்பெனியில் இதே வட்டத்தின் மேல்தான் கை வைத்து உட்கார்ந்திருந்தேன் என்றாராம். விஷயம் என்னவென்றால், சுற்று வட்டாரத்துக் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நாற்காலிக் கடைதான், அந்த அம்மா எங்கே போகிறாரோ அங்கே இந்த நாற்காலிகள் அவருக்கு முன்னால் போய்க் காத்திருக்கின்றன, அவரைவிட அதிகம் ஊர் சுற்றியிருக்கின்றன. மச்சான் சார் வியர்த்துப் போய், அது நேற்று மாலைதான் அவங்ககிட்டயிருந்து நாங்க வாங்கினோம் என்றார். வாசலில் நின்ற நாற்காலிக் கடைக்காரர் உள்ளே ஓடி வந்தார், எப்ப சார் வாங்கினீங்க, என்கிட்ட சொல்லவே இல்லையே, நாளைக்கு நான் அடுத்த கம்பெனிக்கு என்னத்தப் போடுவேன் என்று. அந்த அம்மா ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து ஒவ்வொரு நாற்காலியாகக் கவிழ்த்து அடியில் நம்பர் போட்டுக் கையெழுத்துப் போட்டார். மூன்று மாதம் கழித்து வந்து இதே நாற்காலிகளைத்தான் பார்ப்பேன் என்றார். மருமகளின் நாற்காலி மட்டும் பாக்கி. எழுப்பலாமா என்று அந்த அம்மா சைகையில் என்னைக் கேட்டார், நான் கூடாது என்று தலையாட்டினேன், அவர் தரையில் மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டு, அடியில் எழுதினார். அதற்காக அவரைப் பெரிய தேவதை என்று நினைத்துவிடாதே. நானும் ஒன்று கேட்டேன். நாற்காலியைப் பற்றிக் கேட்க வந்தீங்களே தாயீ, வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணி இவ்வளவு சட்டையும் திங்கட்கிழமைக்குள் வேணும், விலையும் குறைக்கணும்னு சொல்றது உங்க கம்பெனிதானே, அதுக்கு எந்தப் பேனா வச்சிருக்கீங்க என்று. மொழிபெயர்ப்பாளர் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. தும்மினார்.

நாற்காலிகள் இப்போது எங்களிடம்தான் இருக்கின்றன. சாவி மறுநாளே விசிலின் கழுத்துக்குப் போய்விட்டது, அதை நான் மறக்கவில்லை, மூன்று மாதம் ஆகட்டும். மருமகளுக்கு வீக்கம் வடிந்து சொந்தச் செருப்பு நுழைகிறது. விசில் பன்னிரண்டு நாள் என்னோடு பேசவில்லை, பதின்மூன்றாம் நாள் மெதுவாக வந்து, அக்கா, நாற்பதாவது நாற்காலி சும்மாதானே கிடக்கு என்றான். பதினோரு வருஷமாக அவனும் நின்றுகொண்டுதான் ஊதியிருக்கிறான், எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. உட்காருப்பா என்றேன். உட்கார்ந்ததும் அவனுக்கும் கண் மந்தமாகித்தான் போனது, குறட்டை மருமகளைவிடப் பெரிது.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு போனில் வேலை எப்படி என்று கேட்டேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், சரியா பார். தண்ணியெல்லாம் சுத்தமா இருக்கும்மா. சாப்பிட டைம் குடுக்கிறாங்க. பாத்ரூம் நல்லா இருக்கு. மேல இருக்கிறவங்க அன்பா பேசுவாங்க. இந்த இடத்தில் நீ சிரித்தாய். டைமுக்கு வீட்டுக்கு வந்துடுறேன். பாத்ரூம் எப்படி என்று எந்தத் தாயாவது மகளிடம் கேட்பாளா, கேட்காததற்கு எந்த மகளாவது பதில் சொல்வாளா? முதலாவது முதல் ஐந்தாவது வரை வரிசைகூட மாறவில்லையே கண்ணு. ஆறாவதை மட்டும் விட்டுவிட்டாய். பிறகு உன் மகள் போனை வாங்கி, பாட்டி, அம்மா பக்கெட்ல காலை வச்சிருக்கா, வேலையில அம்மா கையில ஒரு மிஷின் கட்டிவிடுவாங்க, அவ நின்னா அது கத்தும் பாட்டி, நடந்துட்டே இருக்கணும் என்றாள். நீ போனைப் பிடுங்கினாய். ஆக அங்கே விசிலை ஆள் வாயில் வைக்கவில்லை, உன் கையிலேயே கட்டிவிட்டிருக்கிறார்கள். நீ வேலை செய்கிற கிடங்கில் எடுத்து அனுப்பிய போட்டோவில் உன் பின்னால் அடுக்கியிருக்கிற அட்டைப்பெட்டிகளில் மூன்று இலை முத்திரை இருக்கிறது, அது எங்கள் பேக்கிங் பகுதியில் அடிக்கிற முத்திரை. நான் நின்று பிசிறு வெட்டிய சட்டையை நீ நடந்து நடந்து எடுத்துப் போடுகிறாய். நடுவில் ஒரு கப்பல், அதில் சட்டை ஒன்றுதான் படுத்துக்கொண்டு போகிறது.

வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வை, சுடச்சுட வைக்காதே. தடித்த காலுறை போடு. மாப்பிள்ளையை இரவில் பாத்திரம் கழுவச் சொல், அவருக்கு இரண்டு கை இருப்பதைக் கல்யாணத்தன்றே நான் பார்த்தேன். கூட வேலை செய்கிறவர்களில் ஞாபகசக்தி உள்ளவள் ஒருத்தி இருப்பாள், அவளைத் தேடிப் பிடி. நீயும் உன் வீடும் நோய் நொடி இல்லாமல், கால் வலி இல்லாமல், நூறு வருஷம் இருக்க வேண்டும். பதில் எழுதும்போது ஆறாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுது, உனக்கு உட்கார இடம் இருக்கிறதா இல்லையா, மறந்துவிடாதே. விசிலை மன்னித்துவிட்டேன், பாதி. மச்சான் சாரை மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம். காஜாக்காரிகூடக் குடையைத் திருப்பித் தந்தால் யோசிப்பேன். ஒருத்தியை மட்டும் மன்னிக்கவே மாட்டேன். ஆறு வயதில் என் சீப்பை உடைத்துவிட்டுப் பூனை உடைத்தது என்றாள், அப்போது நம் வீட்டில் பூனையே கிடையாது, அதைக்கூட விட்டுவிட்டேன். ஆனால் கால் வலிக்குது அம்மா என்று சொல்ல வேண்டிய இடத்தில், பெற்றவளிடமே பாடம் ஒப்பித்தாளே, என் மூத்த மகள், அவளை.

இப்படிக்கு,
பதினேழாம் நம்பர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதும்
உன் அம்மா