நுரைக்கு அடியில் இருந்த தட்டு

தூத்துக்குடி,
புதன்கிழமை காலை.

ஐஸ்வர்யாவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், அப்பாவும் நலம். நீயும் உன் வீட்டுக்காரர் கிளாட்வினும், உன் மாமியார் ஈவாஞ்சலின் அம்மாவும் நலமாக இருக்க முத்தாரம்மன் துணை இருக்கட்டும்.

'அன்புள்ள' என்று போடவில்லையே என்று பார்க்காதே. போட்டேன், அடித்தேன், மறுபடியும் போட்டேன், தாளே கிழிந்துவிட்டது. இது வேற தாள்.

நீ எங்களுக்குத் தெரியாமல் கிளாட்வின் ஊரான புன்னைக்காயலுக்குப் போய் மாதா கோயிலில் மாலை மாற்றிக்கொண்ட அன்றைக்கு, இனி அவளோடு எனக்குப் பேச்சே கிடையாது என்று நம் பாத்திரக்கடையில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னவள் நான். இரண்டு வருஷமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றியும் விட்டேன். இப்போதும் போனில் பேசலாம்தான். பேசினால் என் குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நேற்று நம் அடுக்களையில் நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருக்கிறது, சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆடித் தள்ளுபடியில் பாத்திரம் கழுவுகிற மெஷின் ஒன்று வாங்கினேன். நாளெல்லாம் பாத்திரக்கடையில் நின்று பாத்திரம் விற்கிறவளுக்கு, வீட்டுக்கு வந்தால் ஒரு கரண்டியைத் தேய்க்கக்கூட உடம்பில் தெம்பு இல்லை. வேலைக்கு வந்துகொண்டிருந்த பேச்சித்தாய், மகள் வீட்டோடு இருக்கிறேன் என்று ஏரலுக்குப் போய்விட்டாள். உங்க அப்பாவோ மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு கடைப் பக்கமே வருவதில்லை. வீட்டில் சும்மா இருக்கிற மனுஷன் நாலு பாத்திரம் கழுவி வைத்தால் என்ன என்று கேட்பாய். அவர் பிறந்ததிலிருந்து ஒரு டம்ளரைக் கழுவினது கிடையாது என்பது உனக்குத் தெரியாததா. முந்தின நாள் பாத்திரத்தை எல்லாம் உள்ளே அடுக்கி வைத்து, காலையில் அதற்கென்று உள்ள பவுடரைப் போட்டு, பட்டனை அமுக்கிவிட்டுக் குளிக்கப் போவேன். வந்து பார்த்தால் எல்லாம் பளபளவென்று இருக்கும். எடுத்து அடுக்குவது மட்டும் உங்க அப்பா, நான் அப்படியே கடைக்கு ஓடிவிடுவேன்.

நம்ம போர் தண்ணீரை மென்மையாக்க மெஷினுக்கென்று தனியாக ஒரு உப்பும் வாங்கிப் போட வேண்டுமாம். டப்பாவின் விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. உப்பளத்துக்கு நடுவில் குடியிருந்துகொண்டு டப்பாவில் உப்பு வாங்கினால் ஊர் சிரிக்காதா. அந்த உப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

புரட்டாசி பிறந்ததும் உங்க அப்பா குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு மாலை போட்டார். மூட்டு சரியானால் விரதம் இருந்து, தசராவுக்கு வேஷம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை எடுத்துக் கோயிலுக்குத் தருவதாக நேர்ந்திருந்தார். போலீஸ் வேஷம் கட்டப் போகிறாராம், தொப்பிகூட வாங்கி வைத்துவிட்டார். வீட்டில் மீன், முட்டை என்ற பேச்சே இல்லை. அவருக்கு மதியம் ஒரு வேளைதான் சாப்பாடு. ஆனால் அந்த ஒரு வேளையை அப்படிச் சாப்பிட்டார். நான் வைத்துவிட்டுப் போகிற ரசச் சட்டி தினமும் காலி. ஆபரேஷனுக்குப் பிறகு நாக்கு செத்துக் கிடந்த மனுஷனுக்கு அம்மன் புண்ணியத்தில் பசி எடுக்கிறதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அரிசியை அரை உழக்கு கூட்டிப் போட்டேன். ரசத்தையும் ஒரு செம்பு கூட்டி வைத்தேன்.

போன வாரம் ஒரு நாள் காலையில் நான் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது மெஷின் பாதியில் நின்று கூக்கூக்கென்று கத்தியது. ஓடிப்போய்ப் பார்த்தால் கதவின் அடியிலிருந்து நுரை பொங்கிப் பொங்கி வருகிறது. கதவைத் திறந்தேன். உள்ளே பாத்திரமே தெரியவில்லை, வெறும் நுரை. அது என் காலில் விழுந்து கேஸ் சிலிண்டர் வரைக்கும் போனது. வாங்கி மூன்று மாசம் ஆகவில்லை, அதற்குள் இப்படியா என்று வயிறு எரிந்தது.

மெஷினை மாட்டிக் கொடுத்த செல்லப்பாண்டிக்குப் போன் போட்டேன். முதலில் சுவிட்சை அணைக்கச் சொன்னான். நுரையைச் செம்பால் அள்ளி வெளியே ஊற்றிவிட்டு, ஒரு கை கல்லுப்பை உள்ளே தூவி, பவுடர் இல்லாமல் வெறும் தண்ணீரில் ஒரு தடவை ஓட விடச் சொன்னான். அதே மாதிரி செய்தேன். உப்பு விழுந்ததும் நுரை சுருண்டு படுத்துவிட்டது. டப்பா உப்பு வாங்காதவளுக்குக் கடைசியில் நம்ம ஊர்க் கல்லுப்புதான் கைகொடுத்தது. ஆனால் அவன் ஒரு கேள்வி கேட்டான். கையால் கழுவுகிற பச்சை லிக்விடை உள்ளே ஊற்றினீங்களாக்கா என்றான். பாத்திரக்கடைக்காரியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது என்று நன்றாகத் திட்டிவிட்டுப் போனை வைத்தேன்.

வாரக் கடைசியில் மறுபடியும் நுரை. மறுபடியும் கல்லுப்பு. நேற்று மூன்றாவது தடவையும் நின்றபோது, இனி நீயே நேரில் வந்து பார்த்தால்தான் ஆச்சு என்று செல்லப்பாண்டியை வரச் சொல்லிவிட்டேன்.

அவன் வந்து மெஷினுக்குள் கிடந்த தண்ணீரைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். நம்ம போர் தண்ணிக்கு சோப்பு லேசில் நுரைக்காதுக்கா, நீங்க மெஷின் உப்பும் போடல, அப்படியிருந்தும் இவ்வளவு பொங்குதுன்னா யாரோ தாராளமா ஊத்துதாங்க என்றான். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். நான் ஊற்றவில்லை. உங்க அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். மனுஷன் அந்த நேரத்தில் பூஜை அறைக்குள் போய் மணி அடித்துக்கொண்டிருக்கிறார்.

செல்லப்பாண்டி அடியில் இருந்த வடிகட்டியைத் திருகி எடுத்தான். பருக்கை, கறிவேப்பிலை, மிளகு எல்லாம் அடைத்துக் கிடந்தது. அதை அவன் என் வெள்ளைத் தட்டில் கொட்டினான். கொட்டினதில் ஒரு முள் இருந்தது. ஒரு முள்தானா, கிளறக் கிளற வந்துகொண்டே இருந்தது. சாளை மீன் முள்.

ஐஸு, இது என்ன வீடு என்று நினைத்துப் பார். மாலை போட்டிருக்கிற வீடு. முத்தாரம்மன் படத்துக்கு முன்னால் அணையாமல் விளக்கு எரிகிற வீடு. அங்கே மீன் முள். செல்லப்பாண்டி முள்ளைப் பார்த்தான், பூஜை அறையில் சிவப்பு வேட்டியோடு நிற்கிற உங்க அப்பாவைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். வடிகட்டியை மாட்டினான். காப்பி போடுகிறேன் என்றேன், வேண்டாம்க்கா இன்னொரு வீட்டில் வேலை கிடக்கு என்று பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது என்று உனக்குத் தெரியும். நேற்று எனக்கு வாயே வரவில்லை. உங்க அப்பாவைக் கூப்பிட்டு அந்த முள்ளை மட்டும் காட்டினேன். அம்மன் மேல் சத்தியமாக நான் தொடவில்லை என்றார். அப்படியென்றால் யார் தின்றது, பூனையா தட்டில் போட்டுத் தின்றுவிட்டு மெஷினில் அடுக்கி வைத்தது என்று கேட்டேன். போலீஸ் வேஷம் கட்டப் போகிற மனுஷன் திருடன் மாதிரி முழிக்கிறார். விரதத்தை முறித்துவிட்டு அம்மனிடமே பொய் சொல்கிறாரே, மூட்டுக்கு என்ன ஆகப் போகிறதோ, உயிருக்கே என்ன ஆகப் போகிறதோ என்று அம்மன் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆத்திரத்தில் கீழ்த்தட்டை வெளியே இழுத்து, நுரையோடு நுரையாக ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து வெளியே வைத்தேன். கடைசியில் ஒரு எவர்சில்வர் தட்டு கையில் வழுக்கியது. நம் வீட்டில் தினம் புழங்குகிற தட்டு இல்லை, கனம் வேறு. சேலைத் தலைப்பால் நுரையைத் துடைத்தேன். ஓரத்தில் பேர் வெட்டியிருந்தது. ஐஸ்வர்யா.

அந்தத் தட்டை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், கடையில் பேர் வெட்டுகிற மெஷினை முதன்முதலில் நானே பிடித்து வெட்டியது. முதல் எழுத்து மட்டும் இழுத்துக்கொண்டு கோணலாகப் போயிருக்கும். நீ போன பிறகு அதைக் கண்ணில் பார்க்க முடியாமல், சாக்கில் சுற்றிக் கட்டிப் பரணில் போட்டேன். ஏறிப் போட்டவள் நான், எடுத்தவள் நான் இல்லை.

அடுக்களைத் தரையில் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்க அப்பா பக்கத்தில் வந்து, மூட்டை மடக்க முடியாமல் மடக்கி, அவரும் உட்கார்ந்தார். அதற்கு அப்புறம்தான் எல்லாம் வந்தது. ஒரு மாசத்துக்கு மேலாக நீ துறைமுகத்து ஆபீசிலிருந்து மதியம் புறவாசல் வழியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாயாம். வந்த முதல் நாளே என் தட்டு எங்கேப்பா என்று கேட்டாயாம். மாடிப்படி ஏறச் சொன்னால் முனகுகிற மனுஷன், உனக்காகப் பரணில் ஏறியிருக்கிறார். உன் மாமியார் போன வாரத்திலிருந்து கொடுத்தனுப்புகிற மீன் குழம்பையும் நான் வைத்த ரசத்தையும் நீ ஒரே தட்டில் விட்டுச் சாப்பிடுவாயாம். மீன் வருகிற நாளில், வாசம் எனக்குத் தெரிந்துவிடும் என்று தட்டில் பச்சை லிக்விடைக் கவிழ்த்து, அலசாமலேயே உள்ளே வைத்திருக்கிறார். போதாததற்கு மெஷினுக்குள்ளேயும் இரண்டு மூடி. ஈரத் தட்டு வெளியே இருந்தால் நான் கேள்வி கேட்பேன் என்று பயமாம். வாழ்நாளில் முதல் தடவையாகத் தட்டுக் கழுவப் போனவர் கழுவின லட்சணம் அது.

இதெல்லாம் கேட்டு நான் கத்தத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், கத்தாதே ராணி, பிள்ளை வாயும் வயிறுமா இருக்கா, அஞ்சாம் மாசம், உன் ரசம் ஒண்ணுதான் அவ வயித்தில நிக்குது என்றார்.

ஏளா, எனக்கு அந்த நிமிஷம் காது அடைத்துவிட்டது. இந்த வீட்டில் தினமும் நின்று நான் தாளித்த ரசத்தை நீ குடித்திருக்கிறாய், உன் பிள்ளையும் குடித்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது. நான் கூட்டிப் போட்ட அந்த அரை உழக்கு அரிசி யாருக்கு என்று எனக்குத் தெரியாது. சந்தோஷமா துக்கமா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை. அழுதேன். உங்க அப்பா மேல் கோபம், உன் மேல் கோபம், என் மகள் என் வீட்டில் ஒளிந்து சாப்பிடும்படி வைத்துவிட்டேனே என்று என் மேலும் கோபம். விரத வீட்டில் மீன் வந்ததுக்கு அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்திருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சி தின்ன மீனுக்கு எந்த அம்மனும் கோபப்பட மாட்டாள், அவள் பார்க்காத பிள்ளைப்பேறா. இருந்தாலும் நமக்கு மனசு கேட்க வேண்டுமே.

இப்போது நான் சொல்வதைக் கேள். கண்டெய்னர் லாரி போகிற அந்த ஹார்பர் ரோட்டில் இனி நீ ஸ்கூட்டி ஓட்டக் கூடாது. ஆட்டோவில் வா. பகலில் பத்து நிமிஷமாவது காலை நீட்டிப் படு, உன் ரூமில் பாய் விரித்து வைத்திருக்கிறேன். ஈவாஞ்சலின் அம்மாவிடம், உங்க மீன் குழம்பை என் மகள் இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்து சாப்பிடுகிறாள், தசரா முடிந்ததும் எனக்கும் ஒரு டப்பா வேண்டும் என்று நான் கேட்டதாகச் சொல். அதுவரைக்கும் நீ வாசல் வழியாக வா. மீன் டப்பா மட்டும் புறவாசல் வழியாக வரட்டும், அங்கேயே உட்கார்ந்து அதைத் தின்றுவிட்டு உள்ளே வா. கிளாட்வினையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வா. அந்தப் பையனிடம் நான் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பாடு போடத் தெரியும்.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று உங்க அப்பாவிடம் அம்மன் பேரில் சத்தியம் வாங்கியிருக்கிறேன். தெரிந்தால் நீ வராமல் இருந்துவிடுவாயோ என்று எனக்குப் பயம். இந்தக் கடிதத்தை உன் தட்டில் வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டுக் கடைக்குப் போகிறேன். ரசம் அடுப்பு மேடையில் இருக்கிறது, இன்றைக்கு மிளகு குறைத்துப் போட்டிருக்கிறேன். பருப்புத் துவையலும் இருக்கிறது. முதலில் சாப்பிடு, பிறகு அழலாம்.

மதியம் கடையைச் சாத்திவிட்டு வருகிறேன். நான் வருவதற்குள் போய்விட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் போ, அதற்காக நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் தட்டைக் கழுவாதே, உங்க அப்பாவையும் கழுவ விடாதே. சோப்புப் பட்ட தட்டு மெஷினுக்கு ஆகாது என்று செல்லப்பாண்டியும் சொல்லிவிட்டான். சாப்பிட்ட தட்டைச் சாப்பிட்ட இடத்திலேயே எச்சிலோடு விட்டுவிடு. அதை நான் வந்து எடுக்கிறேன்.

முத்தாரம்மனும் உங்க ஊர் மாதாவும் சேர்ந்து உன்னையும் வயிற்றில் இருக்கிறதையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
செல்வராணி