முரசில் தடவிய சீனிப்பாணி

என் தோழிக்கு,

சுட்டுவிரல் இன்னும் பிசுபிசுக்கிறது. கழுவ மனமில்லாமல் அப்படியே இருந்து எழுதுகிறேன். இன்று காலை நடந்ததைச் சொல்ல, என்னையறியாமல் கைத்தொலைபேசியில் உன் இலக்கத்தைத்தான் தேடினேன். நீ இந்த உலகத்தை விட்டே போய்விட்டாய் என்பது பிறகுதான் உறைத்தது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் சிவா பிழைத்துவிட்டான்.

சிவா, மகள் கொழும்பிலிருந்து கொண்டுவந்து விட்ட நாய்க்குட்டி. உள்ளங்கைக்குள் அடங்கும். சிவாவா என்ற இனமாம். அந்தப் பெயரைக் கேட்டதும் என் கணவர் பக்தியோடு 'சிவா' என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார். நீ இருந்திருந்தால் சிரித்துச் சிரித்தே வயிறு நொந்திருப்பாய்.

மானிப்பாய் பஸ்ஸில் நீரிழிவு மருந்தால் சீனி இறங்கி உனக்கு வியர்த்துக் கை நடுங்கிய அன்று, நான் உன் கைப்பையின் பக்க அறையிலிருந்து டொபி எடுத்தேன். பக்கத்து ஆசனத்து அம்மா அதைப் பறித்தார். "சீனி வருத்தக்காரிக்கு டொபியோ பிள்ளை?" நீ அவர் கையிலிருந்து பிடுங்கி வாயில் போட்டாய். தெளிந்ததும் என்னிடம் சொன்னாய்: "எடி, சீனி கூடினால் மருந்துக்கு நேரமிருக்கு. குறைஞ்சால் நேரமில்லை."

குருநகரில் உன் பொமரேனியன் குட்டிகளுக்கு நாள் முழுக்க ஏதாவது ஊட்டிக்கொண்டே இருப்பாய். ஏன் என்று கேட்டதற்கு, "இதுகளின்ரை வயிறு பாக்களவு. ஒரு நேரம் தவறினாலும் சீனி இறங்கிப்போம். சோர்ந்து கிடந்தால் நித்திரை எண்டு விட்டிடாதை" என்றாய். "உங்கடை வீட்டிலை விரதம் எண்டால் எறும்புக்கும் விரதம்" என்ற நக்கல் வேறு.

இன்று கந்தசஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள். அரியாலையில் எங்கள் வீட்டில் காலையில் அடுப்பு மூட்டவில்லை. நான் கோயிலுக்குப் போயிருந்தேன். சிவாவுக்கு ஊட்டச் சொன்னதை இவர் மறந்துவிட்டார். திரும்பி வந்தபோது சாக்கில் சுருண்டு கிடந்தான்.

"நல்ல நித்திரை. குழப்பாதையும்" என்றார்.

தூக்கினேன். கழுத்து தொங்கியது. உடம்பு குளிர்ந்து, கால்கள் நடுங்கின. "சீனி குறைஞ்சிட்டுது. சீனிப் போத்தலை எடுங்கோ" என்றேன்.

எடுத்தார். எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "சீனி வருத்தமோ? அப்ப சீனி குடுக்கப்படாதெல்லே?"

அந்த பஸ் அம்மா எழுந்து வந்து எங்கள் குசினிக்குள் நிற்பது போலிருந்தது. நீ டொபியைப் பிடுங்கிய மாதிரியே நானும் போத்தலைப் பிடுங்கினேன். பிளாஸ்க்கில் இருந்த சுடுநீரில் சீனியைப் பாணியாகக் கரைத்து, சூடு ஆறவிட்டு, விரலால் தொட்டு அவன் உதட்டைத் தூக்கி, பல் முளைத்த முரசில் தடவினேன். வாய்க்குள் ஊற்றவில்லை. மயங்கிக் கிடப்பவனுக்குப் புரையேறும் என்று நீ சொன்னது காதில் கேட்டது. இவருடைய சால்வையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் தடவினேன். முருகனையும் கூப்பிட்டேன், உன்னையும் கூப்பிட்டேன்.

நாக்கு நுனி வெளியே வந்தது. விரலை நக்கியது. பிறகு நறுக்கென்று கடித்தான் பார், அப்படியொரு சந்தோசத்தை நான் எந்தக் கடியிலும் கண்டதில்லை.

இனித்தான் நீ நம்பமாட்டாய். விரத நாளில் முட்டை மணம் பட்டாலே வீட்டைக் கழுவ வைக்கும் இந்த மனுசன், பின்வளவில் கல் அடுக்கி, பழைய தகர ரின் ஒன்றில் முட்டை அவித்துக்கொண்டு வந்தார். மசித்து ஊட்டியதும் அவரேதான். பிறகு ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் போனோம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி ஊட்டச் சொன்னார். குளிர விடாதீர்கள் என்றார். எல்லாம் நீ சொன்னதுதான்.

வரும் வழியில் இவர் கேட்டார், "உமக்கு உதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?" உன் பெயரைச் சொன்னேன். இவர் கடையடியில் ஓட்டோவை நிறுத்தி, குளுக்கோஸ் பெட்டி ஒன்று வாங்கி என் கைப்பைக்குள் வைத்தார். உன் பையில் டொபி இருந்ததும் அதே மாதிரிப் பக்க அறையில்தான்.

நாளைக்கும் விரதம்தான், எங்கள் இருவருக்கும். சிவாவுக்கு இல்லை.